மாடி வீட்டு அம்மாவின் கத்தி

அன்புள்ள கயலுக்கு,

நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "டிவி தொடரென்றால் எடுத்த கதையையே திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள், இதில் நான் புதிதாக என்னம்மா எழுதுவது?" என்றாய். ராத்திரி முழுக்க அதுதான் மனசில் ஓடியது.

1998இல் நாம் மெக்சிகோ சிட்டியில், நர்வார்த்தேயில் குடியிருந்தோம். நீ ஆறு மாதக் குழந்தை. அப்பா வேலைக்குப் போய்விட்டால் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. ஸ்பானிஷில் எனக்கு விலை கேட்கவும் நன்றி சொல்லவும்தான் தெரியும். மாடி வீட்டு அம்மாதான் 'லா உசுர்பதோரா' என்ற டிவி தொடரைப் பார்க்கக் கூப்பிட்டார். அவர் மடியில் ஒரு தட்டு நிறைய சப்பாத்திக்கள்ளி மடல் இருக்கும். அங்கே அது காய்கறி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிவியைப் பார்த்தபடியே முள்ளைச் சீவுவார். நடிகை காப்ரியேலா ஸ்பானிக் பாவோலாவாக வந்து சிரித்தால் கத்தி அப்படியே நின்றுவிடும். பவுலினாவாக வந்தால் மறுபடி மெதுவாக நகரும். இரண்டு பேருக்கும் ஒரே முகம். மொழி தெரியாத நான் யார் எவள் என்று கண்டுபிடித்தது அந்தக் கத்தியை வைத்துத்தான்.

பணக்காரி பாவோலா, தன்னைப் போலவே இருக்கும் ஓர் ஏழைப் பெண்மேல் திருட்டுப் பழி போட்டு, ஒரு வருஷம் தன் வீட்டில் தன் இடத்தில் இருக்கும்படி மிரட்டி அனுப்புகிறாள். கதை அவ்வளவுதான். ஆனால் வந்தவள் அந்த வீட்டுப் பாட்டியைக் குடியிலிருந்து மீட்கிறாள் பார், அங்கேதான் நான் விழுந்தேன். பாட்டியாக லிபெர்தாத் லமார்க்கே, அர்ஜென்டினாவின் பெரிய நட்சத்திரம். அப்போது தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தார். பாட்டி ஒரு நாள் குடிக்காமல் தாண்டினால் எங்களுக்கும் ஒரு நாள் தாண்டிய மாதிரி இருக்கும். மறுநாள் படியில் பார்த்தால் மாடி வீட்டு அம்மா முதலில் விசாரிப்பது பாட்டியைப் பற்றித்தான்.

அந்தக் கதையும் புதிதில்லை, கயல். கியூபாவின் இனெஸ் ரோடேனா எழுதியது. 1971இல் வெனிசுலாவில் எடுத்தார்கள், 1981இல் மெக்சிகோவில் வேறு பெயரில் எடுத்தார்கள். வெரோனிக்கா காஸ்ட்ரோ நடித்த 'லோஸ் ரிக்கோஸ் தம்பியேன் யோரான்' தொடருக்கும் மூலக்கதை இனெஸுடையதுதான். ரஷ்யாவே உட்கார்ந்து பார்த்த அந்தத் தொடரைத்தான் 1995இல் தாலியாவை வைத்து 'மரியா லா தெல் பாரியோ' என்று மறுபடி எடுத்தார்கள். ஜனங்கள் மறுபடியும் அழுதார்கள். அதனால் பழைய கதை என்று நீ கூச்சப்பட வேண்டாம்.

2019இல் வந்த 'லா உசுர்பதோரா'வையும் பார்த்தேன். பாவோலா இப்போது ஜனாதிபதியின் மனைவி. சாண்ட்ரா எச்செவெர்ரியா நன்றாகவே செய்திருந்தார். ஆனால் மொத்தமே 25 அத்தியாயம். பழையது நூறைத் தாண்டியது. ஒருத்தியைச் சந்தேகப்பட்டு, அப்புறம் நம்ப ஆரம்பிக்க ஒரு வீட்டுக்கு நாள் வேண்டாமா? எனக்கு அந்த வேகம் ஒட்டவில்லை.

இன்னொன்று. 1984இல் உன் பாட்டி வீட்டில் ஹிந்தி புரியாமலே 'ஹம் லோக்' தொடர் பார்ப்போம். அதற்கு முன்மாதிரி மெக்சிகோவின் மிகுவேல் சபிதோ எடுத்த தொடர்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. 1975இல் 'வென் கொன்மிகோ' என்ற தொடரை வைத்தே வயது வந்தவர்களை எழுத்துப் படிக்க வரவழைத்தவர் அவர். தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மனுஷன் மாறுவதைக் கூடவே இருந்து பார்த்தால்தான் பார்க்கிறவரும் மாறுவார். உங்களுக்குக் கொடுத்திருப்பதும் இருபத்தைந்து அத்தியாயம்தான் என்றாய். சரி, அது உன் கையில் இல்லை. ஆனால் ஒரே ஓர் உறவுக்காவது அதில் பாதியைக் கொடு. மற்ற திருப்பங்களைக் குறைத்துக்கொள்.

மாடி வீட்டு அம்மா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார். போகும்போது சந்தையில் முள் சீவாத மடலாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போ. தட்டை அவர் மடியில் வைத்துவிட்டு, நீ எழுதிய முதல் அத்தியாயத்தைப் படித்துக் காட்டு. கத்தி எந்தெந்த இடத்தில் நின்றது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா