கீழ்ப் பட்டையையும் மாட்டு

அன்புள்ள கண்ணுக்கு,

இங்கே எல்லோரும் நலம். செவலை கன்று போட்டிருக்கிறது, கிடாரி. தேங்காய் வெட்டு முடிந்தது. மற்றதை அம்மா போனில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதில்லை.

கோவாவில் எடுத்த படத்தை அண்ணன் காட்டினான். இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்றாள் அம்மா. என் கண் போனது லைஃப் ஜாக்கெட்டின் மேல். மேல் கொக்கியை மட்டும் மாட்டியிருக்கிறாய். கீழ்ப் பட்டை இடுப்புக்குக் கீழே தொங்குகிறது. தண்ணீரில் விழுந்தால் அது காதுக்கு மேல் ஏறிவிடும் கண்ணு, ஆள் உள்ளே நழுவிவிடும்.

படம் எடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை. எடுத்தவருக்கு நீச்சல் தெரியுமா, அதை மட்டும் சொல்.

ஜூன் கடைசியில் மறுபடி போகிறாயாமே. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்குச் சாரல் கொண்டு வருகிற அதே தென்மேற்குக் காற்றுதான் அங்கே கடலைக் கொந்தளிக்க வைக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நீர் விளையாட்டுகளை நிறுத்திவைப்பது அதனால்தான். எவனாவது காசுக்கு ஆசைப்பட்டுப் படகில் ஏறச் சொன்னால் ஏறாதே.

தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு பொன்னானிக்குப் போன காலத்தில் ஒரு மீனவர் கையை நீட்டிக் காட்டினார். கரையேறிய அலைத்தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி பிடிக்கும். அந்த இடத்தில் அலை உடையாது, பார்வைக்குச் சாதுவாக இருக்கும். தெரியாதவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். இழுத்தால் எதிர்த்துக் கரையை நோக்கிப் போராடாதே, கை ஓய்ந்துவிடும். மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்டு. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்ட பிறகு திரும்பு. சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்கு. சிவப்புக் கொடி என்றால் காலைக்கூட நனைக்காதே. சின்ன அத்தை வீட்டில் நடந்தது உனக்குத் தெரியும். கீழ்ப் பட்டையையும் மாட்டு.

நம் தெருவில் முதலில் விமானம் ஏறியவள் நீ. டீக்கடையில் அதை நான் சொல்லாத நாளில்லை. அப்படிப்பட்டவளுக்கு அப்பனிடம் பேச ஐந்து நிமிடம் இல்லையா?

இதெல்லாம் நீந்தத் தெரிந்தவளுக்குச் சொல்ல வேண்டிய பேச்சு. உனக்குத் தெரியாது. தெரியாமல் போனது என்னால். அண்ணன் இடுப்பில் மிதப்பதற்குக் காய்ந்த சுரைப்புருடையைக் கட்டி நான்தான் கிணற்றில் இறக்கினேன். எனக்கும் கட்டிவிடுங்கள் என்று வந்து நின்றாய். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்றேன். அம்மா சொல்லவில்லை, ஊரில் யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் சொன்னேன். அதன் பிறகு அவன் கரையேறும் வரை அவன் துண்டை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பாய். கணுக்கால் மட்டும் தண்ணீருக்குள் இருக்கும். மறுபடி ஒரு தடவைகூட நீ கேட்கவில்லை.

ஆடி நோம்பிக்கு வா. சாரல் சரியாகப் பிடித்தால் அதற்குள் எட்டாம் படி வரை தண்ணீர் ஏறிவிடும். சுரைப்புருடையைப் பரணிலிருந்து நேற்று இறக்கித் துடைத்தேன், விரிசல் இல்லை. படம் எடுத்தவரும் வருவதாக இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடு, அம்மா சமையலுக்குத் தயாராக வேண்டும்.

அப்பா