மூன்று மாத அவகாசம் கேட்டு ஒரு திறந்த மடல்

மேல்முறையீட்டைப் பரிசீலிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் நான் வைத்திருக்கும் சுற்றுலா வழிகாட்டி உரிமத்தைப் புதுப்பிக்க முடியாது என்று சென்ற மாதம் உங்கள் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. உரிமக் காலத்துக்குள் முடிக்க வேண்டிய தொடர்பயிற்சியில் இரண்டு வகுப்புகள் குறைகின்றன என்பது காரணம். அது உண்மைதான், நான் மறுக்கவில்லை. முறையீட்டைத் தனியாக அனுப்பிவிட்டேன். இருந்தாலும் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு இந்த வேலையைப் பார்ப்பவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். போக, வர, ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்கும்வரை உட்கார்ந்திருக்க என்று பாதி நாள் போய்விடும். மீதி நாள்களில்தான் நான் பயணிகளை அழைத்துப் போனேன்.

நான் பதிவு செய்த முதல் வகுப்பு ஒரு சனிக்கிழமை. அப்பாவைத் தான் பார்த்துக்கொள்வதாக மகன் சொல்லியிருந்தான். அன்று காலை அவர் கையைத் தொட்டேன், ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கும் இடத்தில் துடிப்பே இல்லை. டயாலிசிஸ் வீட்டுக்காரர்களுக்குத் தெரியும், எழுந்ததும் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்ப்போம். ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டுவிட்டது. வகுப்பு தொடங்கிய நேரத்தில் நான் அவசரப் பிரிவில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டாவது வகுப்பும் அதே போலத்தான் போனது, அந்த முறை காய்ச்சல், கிருமித்தொற்று.

உரிமம் முடிய ஆறு வாரம் இருக்கும்போதே, மருத்துவமனைக் கடிதங்களை இணைத்து அவகாசம் கேட்டு உங்களுக்கு எழுதினேன். பதில் இல்லை. நிராகரிப்பு மின்னஞ்சலிலும் அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படித்துவிட்டு முடியாது என்று சொல்லியிருந்தால் அது ஒரு முடிவு, ஏற்றுக்கொள்ள முயன்றிருப்பேன். அதை யாராவது படித்தார்களா என்றே எனக்குத் தெரியவில்லை. அதுதான் மனசை அறுக்கிறது.

வகுப்புகள் வீண் என்று சொல்ல வரவில்லை. எனக்கு அவற்றின் அருமை தெரியும். வெள்ளைக்காரர்கள் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய இடம்தான் லிட்டில் இந்தியா என்று பல வருடம் நான் பயணிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தப்பு. 1822இல் போட்ட நகரத் திட்டத்தில் நம்மவர்களுக்கு ஒதுக்கிய சூலியா கம்போங் என்ற குடியிருப்பு சிங்கப்பூர் ஆற்றங்கரையில் இருந்தது. இன்று லிட்டில் இந்தியா இருக்கும் சிராங்கூன் சாலைப் பக்கம் ஆள்களை இழுத்தது மாட்டு வியாபாரம். ரோச்சோர் பக்கத்துத் தண்ணீரும் புல்லும் கால்நடைக்கு ஏற்றதாக இருந்தன. பஃபலோ ரோடு, அடுத்து கெர்பாவ் ரோடு, மலாயில் கெர்பாவ் என்றாலும் எருமைதான். நம்மில் பலர் பிள்ளை பெற்ற கேகே மருத்துவமனையின் பெயருக்குள்ளும் எருமைத் தொழுவம் இருக்கிறது, கண்டாங் கெர்பாவ். இதையெல்லாம் எனக்கு ஒரு தொடர்பயிற்சி வகுப்பில்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அன்றிலிருந்து என் நடைப்பயணத்தையே அங்கே இருக்கும் தேக்கா சந்தையிலிருந்து தொடங்கும்படி மாற்றிவிட்டேன். அப்படிப்பட்ட வகுப்பை வேண்டுமென்றே தவிர்ப்பவள் அல்ல நான்.

2003இல் சார்ஸ் தொற்றுநோய் வந்து ஊரே வெறிச்சோடிப் போனது. அதற்கு மறுவருடம் உரிமம் எடுத்தேன். அப்புறம் கொரோனாவால் 2020 மார்ச்சில் எல்லை மூடியது, ஏப்ரல் 7இல் சர்க்கிட் பிரேக்கர் என்ற ஊரடங்கு. ஒரு பயணிகூட இல்லாத அந்த மாதங்களில் பேரங்காடியில் பொருள் அடுக்கும் வேலை பார்த்தேன். இரவில் இணைய வகுப்புகளில் சேர்ந்து பயிற்சி நேரத்தை முடித்து, உரிமத்தை விடாமல் காப்பாற்றினேன். அந்தப் பதிவெல்லாம் உங்களிடமே இருக்கும், தயவுசெய்து எடுத்துப் பாருங்கள்.

உரிமம் இல்லாமல் காசு வாங்கிக்கொண்டு வழிகாட்டுவது இங்கே குற்றம். அது சரியான சட்டம், நான் மீறப் போவதில்லை. வந்த அழைப்புகளை எல்லாம் வேறு வழிகாட்டிகளுக்கு மாற்றிவிட்டேன். மதுரையிலிருந்து வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் குழு ஒன்று, தெற்குப் பாலச் சாலை மாரியம்மன் கோயிலைத் தமிழிலேயே விளக்க வேண்டும் என்று கேட்டிருந்தது. சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸோடு 1819இல் வந்திறங்கி, பிறகு கோயிலை நிறுவிய நாராயண பிள்ளையின் பெயரைச் சொல்லித் தொடங்கி, 1827இல் எழுந்த அந்தக் கோயிலின் கதையை நம் மொழியிலேயே நம் ஆள்களுக்குச் சொல்லும்போது வருகிற நிறைவு எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை. அந்தக் குழுவையும் விட்டுக்கொடுத்துவிட்டேன்.

முதலிலிருந்து மறுபடி படித்துத் தேர்வு எழுது என்றால், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நிலையத்தில் இருப்பவளுக்கு அது நடக்காத காரியம். எனக்கு 58 வயது. கணவரின் சிகிச்சைச் செலவில் ஒரு பங்கு இந்த வருமானத்திலிருந்துதான் போகிறது.

விலக்கு வேண்டாம். மூன்று மாதம் கொடுங்கள். விடுபட்ட இரண்டு வகுப்புகளுக்கும் பணம் கட்டிவிட்டேன், இரண்டும் திங்கட்கிழமை. அன்றைக்கு மகன் விடுப்பு எடுத்துக்கொள்கிறான். முடித்ததும் சான்றிதழை நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன், அதன் பிறகு உரிமத்தைப் புதுப்பித்தால் போதும். அது முடியாது என்றால், முன்பு நான் அனுப்பிய கடிதத்தைப் படித்துவிட்டு, ஏன் முடியாது என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சுற்றுலா வழிகாட்டி
சிங்கப்பூர்