பக்கமே ஓடையாகட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். செய்தியோடைகள் (ஒரு தளத்தின் புதிய பதிவுகளை வாசகருக்குத் தானாகக் கொண்டுவந்து சேர்க்கும் பட்டியல்கள்) பற்றிக் கடந்த இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். ஓடைகளை வாசிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டதோடு ஓடைகளின் காலமும் முடிந்துவிட்டது என்கிறார் கட்டுரையாளர். இதை என்னால் ஏற்க முடியவில்லை. அன்று மூடப்பட்டது ஒரு வாசிப்பான்தான். பாட்காஸ்ட் உலகம் இன்றும் ஆர்எஸ்எஸ் என்ற வடிவத்தில் வரும் ஓடைகளின் மேல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் கட்டுரையில் ஒரு குறை சரியாகவே சொல்லப்பட்டிருக்கிறது: ஓடையே தராத தளங்கள் நிறைய இருக்கின்றன. அப்படிப்பட்ட தளத்தை வாசகர் எப்படித் தொடர்வது என்ற கேள்வியைக் கட்டுரை அப்படியே விட்டுவிட்டது. அதற்கு ஒரு நல்ல வழி பல வருடங்களாகவே இருக்கிறது: தளத்தின் பக்கத்தையே ஓடையாக மாற்றிக்கொள்வது. அது பரவலாகத் தெரியாமல் போனதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

ஓர் ஓடையில் என்ன இருக்கிறது? ஒவ்வொரு பதிவுக்கும் தலைப்பு, இணைப்பு, தேதி, எழுதியவர் பெயர், உள்ளடக்கம். இவை எல்லாம் தளத்தின் முகப்புப் பக்கத்திலேயே இருப்பவைதான். எது தலைப்பு, எது தேதி என்று நம் கண்ணுக்குப் பார்த்தவுடன் தெரிகிறது, நிரலுக்குத் தெரியாது. அதைத் தெரியப்படுத்தத்தான் 2005 வாக்கில் மைக்ரோஃபார்மட் என்ற முறை வந்தது. பதிவைச் சுற்றியிருக்கும் டேகுக்கு (பக்கத்தின் ஒரு பகுதியைக் குறிக்கும் மூலநிரல் குறி) ‘எச்என்ட்ரி’ என்றும், தலைப்புக்கு ‘என்ட்ரி-டைட்டில்’ என்றும் கிளாஸ் பெயர், அதாவது வகைப்பெயர், கொடுத்தால் போதும். பக்கத்தின் தோற்றத்தில் ஒரு புள்ளிகூட மாறாது. பிறகு வந்த இரண்டாம் வடிவத்தில் இந்தப் பெயர்கள் எச்-என்ட்ரி, பி-நேம், யு-யுஆர்எல், டிடி-பப்ளிஷ்ட், இ-கன்டென்ட் என்று மாறின. பழைய ‘எச்என்ட்ரி’யும் மறைந்துவிடவில்லை. தளங்களை நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் தீம்கள் (தோற்ற அமைப்புகள்) பல அதை இன்றும் தானாகவே எழுதிக்கொண்டிருக்கின்றன, தளத்தை நடத்துபவருக்கே தெரியாமல்.

இப்படிக் குறியிடப்பட்ட பக்கத்தை ஓடையாக மாற்றுவதை உலாவிக்குள்ளேயே செய்துவிடலாம். முன்பு இதற்கு எக்ஸ்எஸ்எல்டி பயன்பட்டது. ஒரு வடிவ ஆவணத்தை இன்னொரு வடிவமாக மாற்றுவதற்காக 1999இல் தரநிலையான மொழி அது. எச்ஆட்டம் (‘எச்என்ட்ரி’ போன்ற பெயர்களைத் தந்த மைக்ரோஃபார்மட்) பக்கத்தை ஆட்டம் (ஆர்எஸ்எஸ் போன்ற இன்னொரு ஓடை வடிவம்) ஓடையாக மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி கோப்புகள் அப்போதே புழக்கத்தில் இருந்தன. இப்போது உலாவிகள் எக்ஸ்எஸ்எல்டியைக் கைவிடும் திசையில் போகின்றன. 2025இல் குரோம் குழு அதை நீக்கப்போவதாக அறிவித்தது. அதை இயக்கும் பழைய நிரல் நூலகத்தில் இருந்த பாதுகாப்புக் குறைகள் முக்கியக் காரணம். அதனால் இந்த வழியே அடைபட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இதே வேலைக்குச் சிறிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஒன்று போதும்.

நிரல் சிறியதுதான். ஆனால் அதில் கவனம் வேண்டிய இடங்கள் சில உண்டு, முதலாவது தேதி. பக்கத்தில் ‘3 நாட்களுக்கு முன்பு’ என்றோ ‘நேற்று மாலை’ என்றோ எழுதியிருக்கும். வாசகருக்கு அது வசதி, நிரலுக்கு அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஆட்டம் விதிகளின்படி (2005 டிசம்பரில் ஆர்எஃப்சி 4287 என்ற இணையத் தரநிலை ஆவணமாக வந்தவை) ஒவ்வொரு பதிவுக்கும் கடைசியாகப் புதுப்பித்த நேரம் கட்டாயம், அதுவும் நேர மண்டலத்தோடு. இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் இதற்கென்றே ‘டைம்’ டேக் இருக்கிறது. வெளியே ‘நேற்று’ என்று காட்டலாம், உள்ளே ‘டேட்டைம்’ பண்பில் ஆண்டு, மாதம், நாள், மணி, மண்டலம் எல்லாவற்றையும் முழுதாக வைக்கலாம். இதைச் செய்யாத தளத்திலிருந்து வரும் ஓடையில் பதிவுகள் வரிசை மாறிக் குழம்பும்.

அடுத்தது அடையாளம். ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத ஓர் ஐடி வேண்டும் என்பதும் ஆட்டம் விதி. பதிவின் நிரந்தர இணைப்பையே ஐடியாக வைத்துக்கொள்வதுதான் நல்லது. தலைப்பை வைத்து ஐடி உருவாக்கினால், தலைப்பில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தியதுமே பழைய பதிவு புதிது போல மறுபடி வந்து நிற்கும். இணைப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. பக்கத்துக்குள் சுருக்கமாக எழுதப்பட்ட இணைப்பு, பக்கத்தை விட்டு வெளியே போனதும் வேலை செய்யாது. அதை முழு முகவரியாக மாற்றிய பிறகே ஓடையில் போட வேண்டும். அப்புறம், உள்ளடக்கத்தோடு சேர்ந்து வரும் ஸ்கிரிப்ட் டேகுகளைக் கண்டிப்பாக நீக்கிவிட வேண்டும். வாசிப்பானுக்குள் போய் இயங்க அவற்றுக்கு உரிமை கிடையாது.

‘பக்கத்தின் முகவரியைக் கொடுங்கள், ஓடை தருகிறோம்’ என்று சொல்லும் இணையச் சேவைகள் இருக்கின்றனவே, உலாவிக்குள் எதற்கு என்று கேட்கலாம். நான் எதை வாசிக்கிறேன் என்பதை மூன்றாம் ஆள் ஒருவர் அறிய வேண்டிய அவசியமே இல்லை, அதனால்தான். அந்தச் சேவை ஒருநாள் நின்றுபோனால் அதன் வழியாக எடுத்த ஓடைகள் எல்லாம் அதோடு போய்விடும். உள்நுழைந்தால் மட்டும் தெரியும் பக்கங்களை அந்தச் சேவையால் எட்டவும் முடியாது, எட்ட வேண்டுமென்றால் நம் கடவுச்சொல்லை அதனிடம் கொடுக்க வேண்டியிருக்கும். பக்கம் ஏற்கெனவே என் உலாவிக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதை மாற்றும் வேலையும் அங்கேயே நடப்பதுதான் நியாயம்.

இதில் குறை இல்லாமல் இல்லை. புக்மார்க்லெட் (புக்மார்க்காகச் சேமித்து வைக்கும் சிறு நிரல்) ஒன்றைச் சொடுக்கி ஓடையை உருவாக்கினால் அது அந்த நேரத்து நகல் மட்டுமே. அதற்கு நிலையான முகவரி கிடையாது, வெளியே இருக்கும் வாசிப்பானால் அதைப் பின்தொடர முடியாது. வேறு தளத்தின் பக்கத்தைச் சாதாரண ஸ்கிரிப்ட் எடுக்கப் போனாலும் உலாவியின் பாதுகாப்பு விதி தடுக்கும், தடுப்பதும் சரிதான். எனவே இந்த வேலைக்குப் பொருத்தமானது உலாவி நீட்சி, அதாவது உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள். பயனர் அனுமதி கொடுத்த தளங்களை மட்டும் அது பின்னணியில் போய்ப் பார்க்கும். பக்கம் மாறியிருக்கிறதா என்று சர்வரிடம் முதலில் கேட்டு, மாறியிருந்தால் மட்டும் முழுவதையும் எடுக்கும்படி எழுதினால் தளத்துக்கும் பெரிய சுமை இல்லை.

இதைவிட நல்லது, உலாவிகளே இதைச் செய்வது. பயர்பாக்ஸில் ஓடைகளைக் காட்டும் வசதியும், ஓடையின் தலைப்புகளைப் புக்மார்க் பட்டியலில் காட்டும் லைவ் புக்மார்க்குகளும் முன்பு இருந்தன. 2018 டிசம்பரில் வந்த 64ஆம் பதிப்பில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். அந்த முடிவு தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். விவால்டி என்ற உலாவியில் ஓடை வாசிப்பான் உள்ளேயே இருக்கிறது, ஆக முடியாத காரியம் அல்ல. தளம் தரும் ஓடையைத் தேடும் உலாவி, அது கிடைக்காதபோது பக்கத்தில் எச்-என்ட்ரி இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்தால் என்ன?

உங்கள் இதழிடமும் ஒரு கோரிக்கை. இதழின் இணையதளத்தில் ஓடை இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். முகப்புப் பக்கத்தின் மூலநிரலைத் திறந்தால் கட்டுரைத் தலைப்புகள் எது என்னவென்று சொல்லாத வெறும் ‘டிவ்’ டேகுகளுக்குள் கிடக்கின்றன, தேதி வெறும் எழுத்தாக இருக்கிறது. ஓடை உருவாக்க இப்போது நேரமில்லை என்றால் பரவாயில்லை. மேலே சொன்ன ஐந்து கிளாஸ் பெயர்களையும் ‘டைம்’ டேகையும் உங்கள் வார்ப்புருவில் சேர்க்கச் சொல்லுங்கள். வார்ப்புரு தெரிந்த ஒருவருக்கு அது பெரிய வேலையாக இருக்காது. மீதியை எங்கள் உலாவிகளில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஒரு வாசகர்