சினிமா வினாடி வினா எழுதும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய 40 கேள்விகளையும் படித்தேன். தேடித் தேடி எடுத்திருக்கிறாய். ஆனால் தாளை இப்படியே அரங்குக்குக் கொண்டுபோனால் ஆறேழு இடத்தில் தகராறு வரும். நியாயம் போட்டியாளர் பக்கம் இருக்கும்.

பெரிய கண்ணி ‘முதல்’ என்ற சொல்தான். “உலகின் முதல் பேசும் படம் எது?” என்று கேட்டு, 1927இல் வந்த ‘தி ஜாஸ் சிங்கர்’ என்று விடை போட்டிருக்கிறாய். அதில் பாட்டும் கொஞ்சம் பேச்சும்தான் காதில் விழும். மீதிக் கதையை எழுத்து அட்டைகள் சொல்லும். முழுக்கப் பேசிய முதல் முழுநீளப் படம் 1928இல் வந்த ‘லைட்ஸ் ஆஃப் நியூயார்க்’. ஓர் அணி அதைச் சொன்னால் எப்படித் தவறென்பாய்?

‘பாரசைட்’ என்ற கொரிய மொழிப் படத்தைப் பற்றிய கேள்வியும் அப்படித்தான். “ஆஸ்கரில் சிறந்த படமான முதல் வெளிநாட்டுப் படம்” என்றால் பிரிட்டனில் எடுத்த 1948 ‘ஹாம்லெட்’ குறுக்கே வந்து நிற்கும். “ஆங்கிலம் அல்லாத மொழியில் எடுக்கப்பட்டு” என்று சேர்த்துவிடு, சிக்கல் தீர்ந்தது. 1937இல் வந்த ‘ஸ்னோ ஒயிட்’டை முதல் முழுநீள அனிமேஷன் படம் என்பதை அடித்தே விடு. 1926இலேயே ஜெர்மனியில் லோட்டே ராய்னிகர் அட்டையை வெட்டி, நிழலுருவங்களை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி முழுநீளப் படம் எடுத்துவிட்டார். அந்தப் பெயரையே விடையாக வைத்து ஒரு கேள்வி எழுதலாமே.

ஆண்டு கேட்கும்போது எந்த ஆண்டு என்று சொல். ‘காசாபிளாங்கா’ நியூயார்க்கில் முதலில் திரையிடப்பட்டது 1942 நவம்பரில். பரவலாக வெளியானது 1943இல். ஆஸ்கர் கைக்கு வந்தது 1944இல். மூன்றுக்கும் ஆதாரம் காட்டலாம். வசனச் சுற்றிலும் இதே படம் உன் காலை வாரியிருக்கிறது. “ப்ளே இட் அகெய்ன், சாம்” என்று அதில் யாரும் பேசவில்லை. “ப்ளே இட், சாம்” என்பதோடு சரி. வசனம் எதுவானாலும் படத்தை ஓடவிட்டு, காதால் கேட்டு எழுது. மேற்கோள் பட்டியல்களை நம்பாதே.

புதிய படங்களுக்கு வசூல் கேள்வி வேண்டாம் என்பேன். 2019இல் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ ‘அவதாரை’ முந்தியது, 2021இல் சீன மறுவெளியீட்டில் ‘அவதார்’ திரும்ப மேலே ஏறியது. கேட்டே ஆக வேண்டுமென்றால் “இன்ன தேதி நிலவரப்படி” என்று எழுது.

இனி, எது நல்ல கேள்வி? உன் 17ஆவது கேள்வியை எடுத்துக்கொள். “இயக்குநர் ஹிட்ச்காக் தன் ‘லைஃப்போட்’ படத்தில் தோன்றுகிறாரா?” ஆமாம், இல்லை என்று நாணயம் சுண்டியே விடை சொல்லலாம். இப்படி மாற்றிப் பார்: “தன் படங்களில் வழிப்போக்கனாக ஒரு கணம் தலைகாட்டுவது ஹிட்ச்காக்கின் வழக்கம். 1944இல் வந்த ‘லைஃப்போட்’ முழுக்க நடுக்கடலில் ஒரு படகுக்குள்ளேயே நடக்கிறது. வழிப்போக்கனுக்கு வழியே இல்லை. அவர் எப்படித் தலைகாட்டினார்?” படகில் என்னென்ன கிடக்கும் என்று அணி யோசிக்கும். கடலில் மிதக்கும் பிணம் என்பார்கள், புகைப்படம் என்பார்கள், கடைசியில் ஒருவர் செய்தித்தாளைப் பிடிப்பார். அந்தத் தாளில் வரும் உடல் இளைக்கும் மருந்து விளம்பரத்தில் ‘முன்’, ‘பின்’ படங்களாக ஹிட்ச்காக்தான் இருக்கிறார். படம் பார்க்காதவரும் யோசித்து எட்டக்கூடிய இந்த மாதிரிக் கேள்வி 10க்கு 3 வேண்டும். இன்னொரு 3 எல்லோரும் சொல்வது, 3 பாதிப் பேர் சொல்வது, 1 கடினமானது. உன் தாளில் 22 கேள்வி 2000க்குப் பிந்தைய படங்கள். அதை 15க்குக் குறை.

படச் சுற்றுக்கு போஸ்டரை வெட்டாமல், படத்தின் நடுவிலிருந்து ஒரு ஃப்ரேம் எடு. பழைய படங்களின் அகலமும் உயரமும் 1.37:1, கிட்டத்தட்ட சதுரம். அகலத்திரைக்கு இழுத்தால் முகம் தட்டையாகிவிடும். இரண்டு பக்கமும் கறுப்பு விட்டுவிடு. ஃபைலுக்குப் படத்தின் பெயரை வைக்காமல் எண் கொடு, திரையில் பெயர் எட்டிப்பார்த்தால் சுற்றே போச்சு. கறுப்பு வெள்ளையை வைத்துக் காலத்தைக் கணிப்பவர்களுக்காக 1993இல் வந்த ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ ஃப்ரேம் ஒன்றையும் சேர்.

டை-பிரேக்கருக்குப் படத்தின் நீளத்தைக் கேட்டிருக்கிறாய். நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்த படத்தை ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான டிவிடியில் 25ஆக ஓட்டுவார்கள். 150 நிமிடப் படம் 144இல் முடிந்துவிடும். சமன் முறிக்கப்போய் இன்னொரு வழக்கு எதற்கு? ‘பென்-ஹர்’, ‘டைட்டானிக்’, ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்’ மூன்றும் தலா 11 ஆஸ்கர் வாங்கியவை. இவற்றின் பரிந்துரைகள் மொத்தம் எத்தனை என்று கேள். 12, 14, 11 — ஆக 37. நெருங்கிய எண் சொன்ன அணிக்கு வெற்றி.

திருத்தியதை அனுப்பும்போது ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் அதை எங்கே சரிபார்த்தாய் என்று ஒரு வரி எழுதி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்