படுக்கைகளோடு செவிலியர்களையும் எண்ண வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெல்டா மாவட்டங்களில் தீவிர சிகிச்சை வசதியைப் பெருக்குவது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் படுக்கைகளும் வென்டிலேட்டர்களும் மட்டுமே கணக்கில் வருகின்றன. அவற்றின் அருகே இரவெல்லாம் நிற்கப்போவது யார் என்று கேட்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு குறுவை அறுவடையின்போது, கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குக் காவலாகத் தார்ப்பாயில் படுத்திருந்த என் தம்பியைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது. வலியோ வீக்கமோ இல்லாததால் அவனுக்கே தெரியவில்லை. விடியற்காலையில் இமைகள் தொங்கி, நாக்குக் குழறிய பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். அரசு மருத்துவமனை ஒன்றில் விஷமுறிவு மருந்து செலுத்தி, வென்டிலேட்டரில் வைத்து அவனைப் பிழைக்கவைத்தார்கள். அந்த நன்றி எங்கள் குடும்பத்துக்கு என்றைக்கும் உண்டு.

அந்த நஞ்சு தசைகளை முடக்குமே தவிர நினைவை முடக்குவதில்லை. கண் திறக்க முடியாமல் கிடந்த நான்கு நாளும் அவனுக்குக் காது கேட்டிருக்கிறது. கட்டிலருகே யாரோ "தேறாது போலிருக்கே" என்று சொன்னதை அவன் இன்னும் மறக்கவில்லை. "அண்ணே, சளி எடுக்கப்போறேன், கொஞ்சம் இருமல் வரும், பயப்படாதீங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டே குழாயைத் தொட்ட ஒரு செவிலியரின் குரலையும் மறக்கவில்லை.

வென்டிலேட்டரில் உள்ள ஒரு நோயாளிக்கு ஒரு ஷிப்ட்டுக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய செவிலியர் கவுன்சிலின் அளவு. அங்கே எட்டுக் கட்டில்களுக்கு இரவில் இருவரே இருந்தார்கள். தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தி வைப்பது, வாயைச் சுத்தம் செய்வது, புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது போன்ற வேலைகள்தாம் நிமோனியாவையும் படுக்கைப் புண்ணையும் தடுக்கின்றன. ஆள் குறைந்தால் முதலில் விடுபடுபவையும் இவையே. இரண்டு அலாரங்கள் ஒரே நேரத்தில் ஒலித்தால் ஒன்று காத்திருக்கத்தான் வேண்டும்.

மூன்றாம் இரவில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர் இறந்துபோனார். அரை மணி நேரத்துக்கும் மேலாக அவர் நெஞ்சை மாறிமாறி அழுத்தியவர்களில் அந்தச் செவிலியரும் ஒருவர். உடலை ஒப்படைத்ததும் கைகழுவும் தொட்டியில் முகத்தைக் கழுவி, துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு, நேராக என் தம்பியிடம் வந்து "அண்ணே" என்று தொடங்கினார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த என்னால் தாங்க முடியவில்லை. 12 மணி நேர இரவுப் பணியில் அவர் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூட அங்கே தனி இடம் கிடையாது; மருந்துப் பெட்டிகள் அடுக்கிய அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் இருந்தது.

ஆகவே, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் புதிய படுக்கையை அறிவிக்கும்போதே அதற்கான நிரந்தரச் செவிலியர் பணியிடத்தையும் சேர்த்து அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவையும் ஒட்டி, கட்டிலும் கழிப்பறையும் உள்ள ஓய்வறை ஒன்று தேவை. மரணத்தைக் கண்ட இரவுக்குப் பிறகு மூத்தவர் ஒருவர் அவர்களோடு அமர்ந்து பேச ஏற்பாடு இருக்க வேண்டும். நோயாளியின் காதருகே என்ன பேசலாம், என்ன பேசக் கூடாது என்பதை உறவினர்களான எங்களுக்கும் உள்ளே விடுமுன் சொல்லித்தர வேண்டும். முதல் நாள் "தேறாது" என்று சொன்னது எங்கள் வீட்டு ஆள்தான்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நீடாமங்கலம்.