பனிக்கு அடியில் கிடக்கும் நிலம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அண்டார்க்டிகா பற்றிய செய்தி என்றாலே பனி உருகுகிறது, பென்குயின் குறைகிறது என்பதோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பனிக்கு அடியில் என்ன நிலம் கிடக்கிறது என்று யாரும் எழுதுவதில்லையே என்பதுதான் என் ஆதங்கம். சராசரியாக 2 கிலோமீட்டர் கனத்துக்குப் பனி, பாறை வெளியே தெரியும் இடம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியிருந்தும் 1958-இல் ஒரு சோவியத் குழு அதிர்வலைகள் திரும்பி வரும் நேரத்தை அளந்தே கம்பூர்ட்சேவ் மலைத்தொடரைக் கண்டுபிடித்தது. ஆல்ப்ஸ் அளவுக்கு ஒரு மலைத்தொடர், முழுசாகப் பனிக்குள்! இப்போது விமானத்தில் ரேடாரோடு பறக்கிறார்கள், ரேடியோ அலை பனியை ஊடுருவிப் போய்ப் பாறையில் பட்டுத் திரும்புகிறது; ஆனால் அது தரையின் வடிவத்தைத்தான் சொல்லும், என்ன பாறை என்று ஊகிக்க ஈர்ப்பு விசையையும் காந்தப்புலத்தையும் அளக்க வேண்டும்.

சரி, இதெல்லாம் எதற்கு? மேற்கு அண்டார்க்டிகாவில் பனி உட்கார்ந்திருக்கும் தரையில் பெரும்பகுதி கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. அது கெட்டிப் பாறையா, ஈரச் சேறா, பூமிக்குள்ளிருந்து எவ்வளவு சூடு ஏறுகிறது என்பதையெல்லாம் பொறுத்துப் பனி கடலை நோக்கி நகரும் வேகம் மாறும். கடல் மட்ட உயர்வு பற்றி அடுத்த முறை எழுதும்போது இதையும் சேர்த்து, படத்தோடு ஒரு முழுக் கட்டுரை போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்