புகார்: கிட்டார் கிட்டில் எர்த் வயரும் இல்லை, அது நுழைந்து போக ஓட்டையும் இல்லை

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்

பொருள்: எலக்ட்ரிக் கிட்டார் கிட்டில் இருந்த குறைகள், நடு பிக்கப்பை மாற்றித் தரக் கோருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். போன மாதம் உங்கள் தளத்தில் 11,400 ரூபாய் கொடுத்து, மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை ஒற்றைக் கம்பிச்சுருளால் கரண்டாக மாற்றும் பாகம்) கொண்ட ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை கிட் ஒன்றை, அதாவது நாமே பூட்டிச் சேர்க்கும் பாகங்களை, வாங்கினேன். மரவேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நெக், பாடியில் கச்சிதமாக உட்கார்ந்தது. பாலிஷ் போட்டு, சால்டர் செய்து, ஸ்ட்ரிங் மாட்டி, ஆம்பில் சொருகியதும் மாவு மில்லுக்குள் நுழைந்த மாதிரி ஒரே இரைச்சல்.

கஸ்டமர் கேரை மூன்று முறை அழைத்தேன். முதல் முறை, "சிங்கிள் காயில்னாலே அப்படித்தான் சார்" என்றார்கள். அடுத்த முறை, வீட்டு எர்த்திங்கைப் பார்க்கச் சொன்னார்கள். மூன்றாவது முறை, என் சால்டரிங் சரியில்லை என்றார்கள், ஒரு படம்கூடப் பார்க்காமல்.

சிங்கிள் காயில் இரையும் என்று தெரியாமல் நான் வாங்கவில்லை. 1954-இல் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரை விற்பனைக்குக் கொண்டுவந்த காலத்திலிருந்து அது இரைந்துகொண்டுதான் இருக்கிறது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அந்த 'ம்ம்ம்' எப்படியும் காயிலில் ஏறும். ஃபேன் ரெகுலேட்டர் பாதியில் நின்றால் அதன்மேல் ஒரு 'ஸ்ர்ர்ர்' வேறு. என் அறையிலும் ஃபேனை நிறுத்தினால் கொஞ்சம் குறைகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே அறையில், அதே ஆம்பில், அதே கேபிளில் நண்பரின் ஸ்ட்ராட்டை மாட்டினால் ஸ்ட்ரிங்கில் கை வைத்ததும் அடங்கிவிடுகிறது. அப்புறம் எர்த்திங்கை எப்படிக் குறை சொல்வது?

என் கிட்டாரில் ஸ்ட்ரிங்கைத் தொட்டால் ஒரு மாற்றமும் இல்லை. கேபிள் சொருகும் ஜாக்கின் தகட்டைத் தொட்டால் மட்டும் சட்டென்று அடங்கியது. பாதி விஷயம் அங்கேயே புரிந்துவிட்டது. மல்டிமீட்டரை எடுத்து ஒரு முனையை ஜாக்கின் எர்த் காலில் வைத்து, மறுமுனையை மூன்று பாட்களின் (வால்யூம், டோன் திருகிகளின்) முதுகிலும் தொட்டேன். மூன்றிலும் பீப். ஸ்ட்ரிங்குகள் உட்காரும் பிரிட்ஜில் தொட்டேன். சத்தமே இல்லை. பின்மூடியைக் கழற்றினால், பிரிட்ஜை இழுக்கும் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரும்புத் தகடு மொட்டையாக நிற்கிறது. அதிலிருந்து வால்யூம் பாட்டுக்கு ஒரு கறுப்பு வயர் போக வேண்டும். நீங்கள் அனுப்பிய வயரிங் படத்தில் அது இருக்கிறது, பையில் இல்லை. சரி, ஒரு ஜாண் வயர்தானே, நானே போட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தால், ஸ்பிரிங் குழிக்கும் பாட் குழிக்கும் நடுவே ஓட்டையே போடவில்லை!

தெரு முனையில் கதவு, ஜன்னல் செய்யும் ஆசாரி அண்ணனிடம் தூக்கிக்கொண்டு போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோணலா இறங்குச்சுன்னா முன்பக்கம் வந்துரும் தம்பி, பரவாயில்லையா?" என்றார். நீளமான 3 மில்லிமீட்டர் பிட்டைச் சாய்த்துப் பிடித்து அவர் இறக்கிய அரை நிமிடம் நான் மூச்சே விடவில்லை. நல்லவேளை, சரியாக இறங்கியது. என் 25 வாட் அயர்னுக்கு அந்த இரும்புத் தகடு சூடாகவே மாட்டேன் என்றது. 60 வாட் ஒன்றை இரவல் வாங்கி வயரைப் பற்றவைத்தேன். இப்போது ஸ்ட்ரிங்கைத் தொட்டால் முக்கால்வாசி இரைச்சல் போய்விடுகிறது. ஆக, குறை என் சால்டரிங்கிலும் இல்லை, என் வீட்டிலும் இல்லை.

மீதி கால்வாசிக்கு நடு பிக்கப் காரணம். அது மற்ற இரண்டுக்கும் எதிர்ச்சுற்று, எதிர்த்துருவம் கொண்டது, அது பக்கத்துப் பிக்கப்போடு சேர்ந்து ஒலிக்கும் செலக்டரின் 2, 4-ஆம் நிலைகளில் இரைச்சல் கேட்காது என்று விளம்பரத்தில் போட்டிருந்தீர்கள். இரண்டு காயிலும் ஒரே இரைச்சலை எதிரெதிராகப் பிடித்து ஒன்றையொன்று கழித்துக்கொள்வதுதான் அதன் சூட்சுமம். இந்த கிட்டாரிலோ எந்த நிலையிலும் வித்தியாசமே தெரியவில்லை. பிக்கப்களைக் கழற்றி, மகளின் பள்ளிக்கூடத் திசைகாட்டியை ஒவ்வொன்றின் தலைக்கு நேராகவும் கொண்டுபோனேன். மூன்றுக்கும் ஊசியின் சிவப்பு முனைதான் திரும்பியது. நடு பிக்கப்புக்கு மட்டும் மறுமுனை திரும்பியிருக்க வேண்டும். இரண்டை எதிரெதிரே பிடித்தாலும் தள்ளிக்கொள்கின்றன. ஒரே ரகத்தில் மூன்றை அள்ளிப் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள்.

இரைச்சலைத் தடுக்கக் குழிகளில் ஒட்ட நீங்கள் கொடுத்த செப்பு டேப்பின் பசை கரண்ட் கடத்தாது. துண்டுக்குத் துண்டு சால்டர் வைத்துச் சமாளித்துவிட்டேன், அதற்கு எதுவும் கேட்கவில்லை.

நான் கேட்பது இதுதான். விளம்பரத்தில் சொன்னபடியான நடு பிக்கப்பை உங்கள் செலவில் அனுப்புங்கள். கையிருப்பில் இல்லையென்றால் மூன்று பிக்கப்களின் விலையைத் திருப்பித் தாருங்கள். முழு கிட்டையும் திருப்பி அனுப்பச் சொல்லாதீர்கள். பாலிஷ் ஏறி, ஓட்டையும் விழுந்துவிட்டது.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். மூன்று முறை அழைத்தும் ஒரு புகார் எண்கூட இதுவரை தரவில்லை. இதற்கும் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன்.

இப்படிக்கு,
கிட் வாங்கிய வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், ஓட்டை போடுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், திசைகாட்டி வைத்துப் பார்த்த வீடியோ